பதினான்காம் நம்பர் பெட்டி

நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைப் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. நீங்கள் டீயை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேட்கலாம். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை இருக்கிறது. கால் உடைந்த கட்டில், சக்கரம் போன தள்ளுவண்டி எல்லாம் அங்கேதான் போகும். நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு ஏணி தேடிக்கொண்டு அதற்குள் போனேன். சுவரோரமாக முப்பத்தொரு கம்ப்யூட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. சலவை அறையின் ஆவி பட்டு மேலே இருந்தவற்றில் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒன்றை இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். விசிறி சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. முப்பத்தொன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. மெதுவாகிவிட்டன, அவ்வளவுதான். வயதானால் யார்தான் மெதுவாவதில்லை.

அவற்றை நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன். அதாவது அதன் சொந்த ஞாபகத்தை எடுத்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒயர் இழுத்து, மாடிப்படிக்குக் கீழே என் அறையில் இருக்கிற ஒரே ஒரு சர்வரோடு சேர்த்தேன். இனிமேல் யோசிப்பதும் சர்வர், நினைவு வைப்பதும் சர்வர். பெட்டி, சர்வர் சொல்வதைத் திரையில் காட்டும். நாம் தட்டுவதைச் சர்வரிடம் கொண்டுபோய்ச் சொல்லும். தொழிலில் இதற்குத் தின் கிளையன்ட் என்று பெயர். உள்ளே ஒன்றும் இல்லாததால் அதற்கு நோய் கிடையாது, குழப்பம் கிடையாது, எதிர்த்துப் பேசாது. இவ்வளவு சாதுவான ஜீவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பாதி வேலையில் நீங்கள் எழுந்து போனாலும், பெட்டியை அணைத்தாலும், பிளக்கையே பிடுங்கிப் போட்டாலும் உங்கள் வேலை சர்வரில் அப்படியே திறந்து கிடக்கும். என்றைக்கு வந்து ஆன் செய்தாலும் விட்ட இடத்தில் வந்து நிற்கும், ஒரு எழுத்துப் பிசகாமல். பெயர், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. அது என் சொந்த ஏற்பாடு. பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று தினமும் பத்துப் பேர் வந்து நின்றார்கள் என்பதற்காக, ஆளைப் பார்க்காமல் பெட்டியின் நம்பரைப் பார்த்து வேலையைத் திறக்கும்படி செய்துவிட்டேன். ஐந்தாம் நம்பர் பெட்டியை எந்த அறையில் கொண்டுபோய்ச் செருகினாலும் ஐந்தாம் நம்பரின் வேலைதான் வரும். இப்படிச் செய்யக்கூடாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் சௌகரியம்.

முதல் நாள் பெட்டிகள் ஓட ஆரம்பித்தபோது வார்டுத் தலைமை சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "செத்ததையெல்லாம் எழுப்பி உட்கார வச்சிட்டீங்களே. எங்க டாக்டருங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொன்னேன். "அப்படியே நம்ம மிக்ஸியையும் எழுப்பிக் கொடுங்க, மூணு மாசமா செத்துக் கிடக்கு" என்றாள். சந்தோஷமாக இருந்த காலம் அது.

பதினான்காம் நம்பர் பெட்டி லேப்பில் இருந்தது. அதில் உட்கார்ந்தவளை எல்லோரும் குருவி என்பார்கள். ஆள் சின்ன உருவம். கீபோர்டில் அவள் விரல் விழும் சத்தம் தானியம் கொத்துகிற மாதிரி இருக்கும். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவள் அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டில் எழுதி வருகிற ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தட்டி வார்டுகளுக்கு அனுப்புவது அவள் வேலை. முடிவு ஆபத்தான அளவில் இருந்தால் வார்டின் திரை நடுவில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நிற்கும். சிஸ்டர் 'பார்த்தேன்' என்று அழுத்தும் வரை அது போகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் குருவி அதை அனுப்பிவிட்டு, போதாதென்று போனையும் எடுத்து வார்டுக்குச் சொல்வாள். பழைய பழக்கம்.

நான்தான் அவளைக் கிண்டல் செய்து நிறுத்தினேன். "ஏம்மா, லெட்டர் போட்டுட்டு, லெட்டர் போட்டிருக்கேன்னு சொல்லத் தந்தியும் அடிப்பியா?" என்றேன். லேப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாளும் அவள் கை போன் பக்கம் போனது. நான் லேப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் பழக்கம் விட்டுப்போனது.

பெட்டிகள் பதினைந்து இருந்தவரை சர்வருக்கு மூச்சு வாங்கவில்லை. முப்பத்தொன்றையும் சேர்த்த பிறகுதான் வினை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லோரும் ஒரே சமயத்தில் தட்டுவார்கள். ஒரு எழுத்தை அழுத்தினால் திரையில் விழ மூன்று நொடி ஆகும். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். "ஒரு வாரம் பார்ப்போம். இப்படியே இழுத்துக்கிட்டு இருந்தா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார்.

தூக்கிப் போட்டுவிடலாம் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னார் பாருங்கள். நான் என் அறைக்கு வந்து, சர்வரின் நேரத்தை எது அதிகம் தின்கிறது என்று தேடினேன். சிவப்புக் கட்டம்தான். முப்பத்தொரு பெட்டியையும் இரண்டு நொடிக்கு ஒருமுறை தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நான் நிறுத்தவில்லை. வேலை குறைவாக இருக்கும்போது மட்டும் ஓடு என்று ஒரு வரி மாற்றினேன். மறுநாள் காலையில் எல்லாப் பெட்டியும் வழுக்கிக்கொண்டு போயின. தலைமை சிஸ்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை குறைவது என்பதே கிடையாது. அது எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் குருவி படிக்கட்டுக்குக் கீழே வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அனுப்பினது வார்டுல பார்த்துட்டாங்கன்னு திரும்பி வர ரொம்ப நேரம் ஆகுதே. கவனிச்சீங்களா?" என்றாள். "லைன் கொஞ்சம் இழுக்குது, நான் பார்த்துக்கறேம்மா. நீ உன் வேலையப் பாரு" என்றேன். அவள் போய்விட்டாள். தெரிந்தே செய்தீர்களா என்று காலையில் கேட்டீர்கள் இல்லையா, அதற்குப் பதில் இதுதான்.

மறுநாள் தையல்காரர் செத்துப்போனார். ஒன்பதாம் படுக்கை. சிறுநீரகக் கோளாறுக்காக வந்து சேர்ந்தவர். சிஸ்டர்களின் உடுப்பில் பிரிந்த தையலைப் பார்த்தால் படுக்கையிலேயே ஊசி கேட்டு வாங்கித் தைத்துக் கொடுப்பாராம். அவர் ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்துகிற அளவுக்கு ஏறியிருந்தது. உடனே தெரிந்திருந்தால் ஊசி போட்டு இறக்கியிருப்பார்கள், அரை மணி நேர வேலை. குருவி ஒன்பது நாற்பதுக்கு அனுப்பினாள். அவர் பதினொன்று ஐம்பதுக்கு இறந்தார். அவரை எடுத்துக்கொண்டு போய், ஒன்பதாம் படுக்கைக்குத் தலைமை சிஸ்டர் புது விரிப்பை விரித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு முப்பதுக்கு, வார்டின் திரையில் சிவப்புக் கட்டம் வந்து நின்றது. ஒன்பதாம் படுக்கை, உடனே கவனிக்கவும். சிஸ்டர் விரிப்பைக் கையில் பிடித்தபடியே போய் 'பார்த்தேன்' என்று அழுத்தினார். அழுத்தாவிட்டால் அது போகாதே.

ஒரு மணிக்குக் குருவியைச் சீட்டிலிருந்து எழுப்பி அழைத்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும் வரை லேப்புக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பதினான்காம் நம்பரின் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிச் சாமான் அறையில் வைத்தேன். சர்வருக்குப் பாரம் குறையட்டும் என்று, இரண்டு வார்டுகளில் யாரும் அதிகம் தொடாத இன்னும் இரண்டு பெட்டிகளையும் எடுத்தேன். அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினேன். மூன்று மணி வாக்கில், பரிசோதனை முடிவுகளின் பதிவேட்டைச் சர்வரில் திறந்து, ஒன்பது நாற்பது என்று இருந்ததைப் பன்னிரண்டு முப்பது என்று திருத்தினேன். நான்கு எண்கள்தான்.

ஏன் அவளை என்று கேட்பீர்கள். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. பெட்டிகள் பக்கம் பேச யாரும் இல்லை ஐயா. அவை மேல் பழி விழுந்தால் மறுநாளே லாரி வந்து நிற்கும். குருவிக்கு வாய் இருக்கிறது, தனக்காகப் பேசிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் பேசவில்லை. விசாரணை அறையில் பெரிய டாக்டரோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பதிவேட்டைக் காட்டினேன். சோதனைக்காக ஒரு பொய்யான முடிவை அனுப்பிப் பார்த்தோம். நான்கு நொடியில் சிவப்புக் கட்டம் வந்தது. ஒருவர் தலையாட்டி, பழைய பெட்டிகளில் இவ்வளவு வேகமா என்றார். பிறகு குருவியிடம், "போனாவது பண்ணியிருக்கலாமே, ஏன் பண்ணல?" என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். "தோணல சார்" என்றாள். அண்ணாவை எதற்கு மாட்டிவிடுவது என்று நினைத்திருப்பாள். அன்றே வேலை போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று முறை என் அறைக்கு வந்தாள். முதல் முறை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அண்ணா, நீங்க மட்டும் ஒரு தடவை உள்ளே நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. அனுப்பின ஞாபகம் இருக்கு. என் விரலுக்கு ஞாபகம் இருக்குண்ணா" என்றாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன். பன்னிரண்டு முப்பது. மூன்று தடவை படித்தாள்.

"அப்போ நான்தானா?"

"உட்காரு முதல்ல" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். "அன்னைக்கு என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. சீட்டு கைக்கு வந்திருக்கும். டீ குடிக்க எழுந்து போயிருப்ப. திரும்பி வந்தப்ப அது மேல வேற சீட்டு விழுந்திருக்கும். மனசு சில சமயம் செய்யாததைச் செஞ்ச மாதிரி காட்டும்மா. உன் தப்பு இல்ல, களைப்பு." ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்தபோது, டீக்கு எழுந்து போனதாக லேசாக ஞாபகம் வருகிறது என்றாள். மூன்றாம் முறை அவளே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "சீட்டு கைக்கு வந்துச்சு. டீ குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தப்ப அது மேல வேற சீட்டு விழுந்திருந்துச்சு." நான் சொன்னது அப்படியே வந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

வேறு எந்த லேப்பும் அவளை எடுக்கவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. தையல்காரரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். முதல் மாதம் அவர் மனைவி கதவைத் திறக்கவே இல்லையாம். இவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவாள். இப்போது வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் இருக்கிறாள். பொத்தான் தைக்கிறாள், காஜா எடுக்கிறாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கால்சட்டை நீளம் குறைக்க வேண்டியிருந்தது, அங்கே போனேன். தையல்காரர் மனைவி அளவு எடுத்துக்கொண்டே, "இவ கைதான் அவரை அனுப்பிச்சுது. அந்தக் கையே இப்ப எனக்குச் சோறு போடுது. என்னத்தச் சொல்ல" என்றார். குருவி தலை நிமிராமல் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணா, சட்டையில பொத்தான் தொங்குது பாருங்க" என்று வாங்கித் தைத்துக் கொடுத்தாள். இதோ, இந்த இரண்டாவது பொத்தான். இன்றுவரை விடவில்லை.

இனி, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயம். பதிவேட்டைத் திருத்தினேன். ஆனால் பதினான்காம் நம்பரின் வேலையை மூடவில்லை. அவள் எழுந்து போன நிலையிலேயே அது சர்வரில் திறந்து கிடந்தது. அவள் திரையில் கடைசியாக வந்த பட்டியலில் ஒன்பதாம் படுக்கை, அனுப்பியது ஒன்பது நாற்பது என்றுதான் இருந்தது. திரையில் ஒருமுறை வந்தது, யாராவது புதுப்பிக்கச் சொல்லி ஒரு பட்டனை அழுத்தும் வரை மாறாது. அழுத்தினால் சர்வரைப் போய்க் கேட்கும்; சர்வர் பன்னிரண்டு முப்பது என்று சொல்லும்; அதோடு உண்மை என்று எதுவும் எங்கேயும் இருக்காது. ஒரே ஒரு பட்டன். என் அறையிலிருந்தே எந்தத் திரையையும் நான் திறந்து பார்க்கலாம், அழுத்தலாம்.

தினமும் காலை ஒன்பது நாற்பதுக்குத் திறந்து பார்த்தேன். மூலையில் சின்ன கடிகாரம் இன்றைய நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கீழே அடுத்த நோயாளியின் பெயரில் இரண்டு எழுத்துத் தட்டியிருப்பாள். மூன்றாவது எழுத்து விழ வேண்டிய இடத்தில் அந்தக் கோடு மின்னி மின்னி மறையும். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சரியான எழுத்தை யோசித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கும். விரலை எடுத்துவிடுவேன்.

சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டாலும் அது போய்விடும். அறுநூற்றுப் பதினோரு நாள் நான் அதை அணைக்கவில்லை. சாமான் அறைப் பக்கம் போனால் கொத்துகிற சத்தம் கேட்கும். சலவை இயந்திரத்துக்குள் சட்டைப் பொத்தான்கள் மோதுகிற சத்தம் அது, எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டு, மழையிலும் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவேன். வீட்டில் டிவியின் சிவப்பு விளக்கின்மேல் டேப் ஒட்டினேன். இந்த மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மனைவி தன் அக்காவிடம் சொன்னாள்.

போன வாரம் வார்டில் ஆறாம் நம்பர் பெட்டியின் பவர் சப்ளை எரிந்துபோனது. மாற்றுப் பெட்டி வேண்டும் என்றார்கள். கூட எடுத்த அந்த இரண்டு பெட்டிகளையும் நான் எப்போதோ வேறு அறைகளுக்குக் கொடுத்துவிட்டேன். சாமான் அறையில் பதினான்காம் நம்பர் மட்டும்தான் இருந்தது. நன்றாக ஓடுகிற பெட்டி சும்மா கிடக்கிறது. துடைத்துக் கொண்டுபோய்ச் செருகினேன். நம்பரை மாற்ற ஒரு நிமிடம் ஆகும். மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கே அது சரியாகத் தெரியாது.

தலைமை சிஸ்டர் உட்கார்ந்து ஆன் செய்தார். அரை நிமிடத்தில் குருவி விட்டுப்போன திரை வந்து நின்றது. ஒன்பதாம் படுக்கை. ஒன்பது நாற்பது. அந்தப் பெயரை அவர் மறந்திருக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், எதையும் அழுத்தவில்லை. என்னைக் கூப்பிடாமல் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டார்.

இன்று காலை நீங்கள் குருவியை வார்டுக்கு அழைத்துவந்து அந்தத் திரையைக் காட்டினீர்கள். என்னையும் எதிரில் உட்கார வைத்திருந்தீர்கள். அவள் திரையின்மேல் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். தன்னுடைய இரண்டு எழுத்து வரை வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள், நானும்தான்.

"இது தப்பாக் காட்டுது சார்" என்றாள். "நான் பன்னிரண்டு முப்பதுக்குத்தான் அனுப்பினேன். டீ குடிக்க எழுந்து போயிட்டேன். அண்ணா உள்ளே பார்த்துச் சொன்னாங்க."

நான் சொன்னேன், இல்லை குருவி, நான்தான் மாற்றினேன் என்று. நீங்களே காதால் கேட்டீர்கள். முதல் தடவையாக, யாரும் மிரட்டாமல், என் வாயால் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு. "என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க. வேண்டாண்ணா" என்றாள். பொத்தான் தைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள்.

ஆக, எல்லாம் நான்தான் ஐயா. கட்டத்தைத் தாமதப்படுத்தியது, போனை நிறுத்தியது, நேரத்தைத் திருத்தியது, அவளிடம் சொன்னது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். என் இடத்துக்கு வருகிறவரிடம் சொல்லுங்கள், ஆறாம் நம்பரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், பவர் சப்ளையை மாற்றினால் ஓடும். முப்பத்தொன்றில் என் கையில் போனது அது ஒன்றுதான். மற்றபடி எதையும் நான் சாகவிட்டதில்லை.